வாசலைத் தாண்டாத துப்பாக்கி

அந்த வியாழக்கிழமை மதியம் ஷேக் முஜல்லியின் வீட்டுக் கீழறை வாசலில் இருந்தவர்கள்: இடுப்பில் சாவியோடு முஜல்லி. மகனுக்கு அன்றைக்குக் கல்யாணம் வைத்திருந்த தாகிஷ். அந்த மகன் ஃபாரிஸ், புது வெள்ளை அங்கியும் வளைந்த குத்துவாளும் தலைப்பாகையில் செருகிய திருநீற்றுப்பச்சையுமாக. தாகிஷுக்கு ஆகவே ஆகாத ஜுசைலான். உள்ளே, சுவரில், தாகிஷ், ஜுசைலான் இருவருடைய துப்பாக்கிகள். அவற்றையும் ஆட்களோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த மலையில் துப்பாக்கிக்கு இருக்கிற மரியாதை பல மனிதர்களுக்கு இல்லை.

வழக்கு மழைத்தண்ணீரைப் பற்றியது. மலையிலிருந்து இறங்குகிற வெள்ளம் முதலில் யார் வயலுக்குப் பாய வேண்டும் என்று இரு குடும்பமும் சுட்டுக்கொண்டன. தாகிஷின் தம்பிக்கு முழங்கால் போயிற்று. ஜுசைலானின் எருது ஒன்று செத்தது. முஜல்லி நடுவே போய் நின்றார். தீர்ப்பு வரும்வரை சுட மாட்டோம் என்பதற்கு ஈடாக ஆளுக்கொரு துப்பாக்கியை அவரிடம் வைத்தார்கள். மூலையில் கிடக்கிற ஏதோ ஒன்றை ஈடாக வைக்க முடியாது. கொடுக்கும்போது வயிறு எரிய வேண்டும். யார் முதலில் சுட்டாலும் அவன் துப்பாக்கி எதிராளியின் சுவருக்குப் போய்விடும். இருவர் வீட்டிலும் வேறு துப்பாக்கிகள் ஏராளம். ஆனால் அன்றிலிருந்து யாரும் சுடவில்லை.

முஜல்லி தீர்ப்பைச் சொன்னார். இருவருமே ஒப்பவில்லை. பெரிய நடுவரிடம் போனார்கள், அவர் தீர்ப்புச் சொல்லும் முன்பே செத்துப்போனார். அதன் பிறகு துப்பாக்கிகள் இங்கேயே தங்கிவிட்டன. சோளம் கொட்டி வைத்திருந்த அறை. இப்போது சோளம் மாடிப்படியில் கிடக்கிறது, அதைப் பற்றி முஜல்லியின் மனைவி சொல்லாத நாள் இல்லை.

வியாழன்தோறும் இரண்டு பேரும் எண்ணெய்க் குப்பியோடு வருவார்கள். துடைப்பார்கள். கதை சொல்வார்கள். தாகிஷின் மவுசர் துப்பாக்கி அவன் தாத்தா துருக்கி அதிகாரி ஒருவனிடமிருந்து பறித்தது. மேல் பாறையில் இருந்த சிறுத்தையை ஒரே குண்டில் சாய்த்தது. ஜுசைலானின் என்ஃபீல்டு அவன் பாட்டன் ஏடனிலிருந்து கழுதை மேல் கொண்டுவந்தது. அதுவும் மேல் பாறையில் இருந்த சிறுத்தையைத்தான் சாய்த்தது. அதே பாறை, அதே சிறுத்தை. முஜல்லி இரண்டையும் கேட்டுத் தலையாட்டுவார். அவருடைய துப்பாக்கியும் அதே சுவரில் கடைசி ஆணியில் தொங்கியது. சந்தையில் வாங்கியது. அதன் கதையை யாரும் கேட்டதில்லை, அதற்குக் கதையும் இல்லை.

"ஊர்வலத்துல மாப்பிள்ளை கையில பிடிக்க மவுசரைக் குடுங்க, சாயந்திரம் வரைக்கும் போதும் ஷேக்கு" என்றான் தாகிஷ். "முடிஞ்ச கையோட கொண்டாந்து தொங்கவிட்டுடறேன். அதுவரைக்கும் என் கலாஷ்னிகோவ் இங்க இருக்கட்டும்."

"ஈட்டை மாத்துறியா?" என்றான் ஜுசைலான். "நாளைக்கு உன் பொண்டாட்டியோட உலக்கையைக் கொண்டாந்து வச்சுட்டு இதுவும் துப்பாக்கிதான்னு சொல்லுவ."

"உங்கிட்ட எவன் பேசினான்?"

"என் வயலுக்கு ஈடா வச்சதுய்யா அது. அது வெளிய போனா என்னதும் வெளிய போகும். இப்பவே எடுத்துக்கறேன்."

முஜல்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டும் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கல்யாணம், எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். ஒரு குண்டு கொஞ்சம் தாழ்வாகப் போனால் போதும்.

"அப்பா, பக்கத்து வீட்டு துப்பாக்கி போதும்பா" என்றான் ஃபாரிஸ். அவன் தலைநகர் சனாவில் சோலார் பலகை விற்கிற கடையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்ததிலிருந்து உறவினர்களுக்கெல்லாம் பலகை மாட்டிக் கொடுத்தே களைத்துப்போயிருந்தான்.

"வாயை மூடு. என் கல்யாணத்துல அதைத்தான் பிடிச்சேன். எங்கப்பன் கல்யாணத்துலயும் அதுதான். வீட்டுச் சுவத்துல மாப்பிள்ளைங்க படமா மாட்டியிருக்கேன், உன் படத்துல மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் துப்பாக்கியா? பொண்ணு வீட்டுக்காரன் கேப்பான், சிறுத்தையைச் சுட்டது எங்கடான்னு." தாகிஷின் குரல் உடைந்தது. அதை மறைக்கக் காறித் துப்பினான். "அண்ணே. காலுல விழணுமா? சொல்லுங்க, விழறேன்."

இதுவரை அவன் முஜல்லியை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. முஜல்லிக்கு அது பிடிக்கவில்லை. கெஞ்சுகிறவனை மறுப்பதற்குத் தெம்பு வேண்டும், அவரிடம் அது இல்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இருவரையும் எப்படியோ போங்கடா என்று விடுவதற்கும் தெம்பு வேண்டும்.

சாவியைத் துவாரத்தில் நுழைத்துக் கதவைத் திறந்தார்.

"துப்பாக்கி வாசலைத் தாண்டாது" என்றார். "மாப்பிள்ளை தாண்டலாம். உள்ள வந்து பிடிச்சுக்கட்டும், படம் எடுத்துக்குங்க. ஊர்வலத்துக்கு வெறுங்கையோட போகட்டும். யாராவது கேட்டா, சமாதானத்துக்கு ஈடா இருக்குன்னு சொல்லு. அதுல ஒண்ணும் அவமானமில்ல."

தாகிஷ் யோசித்தான். அவனுக்கு அது போதாது என்று முகத்தில் தெரிந்தது. வேறு எதுவும் கிடைக்காது என்றும் தெரிந்தது.

"உள்ள விட்டா ஜன்னல் வழியா நீட்டிடுவான்" என்றான் ஜுசைலான்.

"அந்த ஜன்னல்ல ஆட்டுக்குட்டி தலை நுழையாது."

"துப்பாக்கி ஆட்டுக்குட்டியை விட ஒல்லி ஷேக்கு. நானும் உள்ள இருப்பேன். கதவை வெளிய பூட்டுங்க. படம் எடுத்து, ரெண்டும் ஆணியில தொங்கறதை நான் பாத்துத் தட்டினதும் திறங்க."

"குண்டு?" என்றார் முஜல்லி.

இருவரும் அங்கிப் பையிலிருந்து குண்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டார்கள். குத்துவாள்களையும் கேட்டார். முனகிக்கொண்டே கொடுத்தார்கள். ஃபாரிஸின் குத்துவாளை மட்டும் விட்டார், படத்துக்கு அது வேண்டும்.

மூவரும் உள்ளே போனார்கள். தாகிஷ் மவுசரை ஆணியிலிருந்து இறக்கி, சட்டைக் கையால் ஒரு தரம் துடைத்து, மகன் கையில் கொடுத்தான். ஃபாரிஸ் அதைப் பலகை தூக்குகிறவன் போல இரண்டு கையாலும் ஏந்தி நின்றான்.

"என்ன இது, பிணத்தைத் தூக்கற மாதிரி?" ஜுசைலானால் பொறுக்க முடியவில்லை. "அடிக்கட்டையை இடுப்புல வை. கொஞ்சம் சாச்சுப் பிடி. உங்கப்பன் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலியா?"

"சொல்லிக் கொடுக்க அது என் வீட்டுல இருந்தாத்தானே!" என்றான் தாகிஷ். ஆனால் மகனின் முழங்கையை ஜுசைலான் சரிசெய்தபோது தடுக்கவில்லை. போனை எடுத்து, எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"மாமா, இதானே அந்த மேல் பாறை சிறுத்தையைச் சுட்டது?" என்று கேட்டான் ஃபாரிஸ். யாரிடம் கேட்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"எது?" என்றான் ஜுசைலான். "அதுவா? யாரு சொன்னா?"

முஜல்லி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.