திரை அறியாத விரல்கள்

"கையில புண்ணு ஏதாவது இருக்கா?"

சலவை ஆலையில் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. பெயரைக் கேட்கவில்லை. பள்ளியை ஏன் பாதியில் விட்டேன் என்றும் கேட்கவில்லை. இல்லையென்று தலையசைத்தேன். பக்கத்தில் நின்ற சித்தி, "இனிமே வந்துடும்" என்று வாய்க்குள் முனகினாள்.

விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ரத்தமும் சீழும் காய்ந்து அட்டைபோல் விறைத்திருக்கும். வெளுப்பு மருந்து கலந்த சுடுநீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கறையைத் தேய்க்க வேண்டும். நெடி மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கும். சித்தியும் நெட்டை அக்காவும் மற்றவர்களும் வருடக்கணக்காக அந்தத் தொட்டியில்தான். கையுறை கேட்டார்கள். போட்டால் வேலை மெதுவாகும் என்று முதலாளி மறுத்துவிட்டார். புதியவள் என்பதால் நான் உலர்ந்த துணி மடிக்கும் மேசையில் இருந்தேன்.

ஒருநாள் தொட்டிகளுக்கு எதிரே புது இயந்திரம் வந்து நின்றது. நெற்றியில் கண்ணாடித் திரை. கறையை இனி அதுவே எடுக்கும். திரையைத் தொட்டு அதை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை. காலம் மாறுகிறது, கற்றுக்கொண்டே இருப்பவர்கள்தான் பிழைப்பார்கள் என்றார் முதலாளி. வேலை முடிந்த பிறகு, கூலியில்லாமல், பயிற்சி நடந்தது. டை கட்டிய ஓர் இளைஞர் தூர நின்று படம் காட்டி விளக்கினார். பெண்கள் அவருக்குக் 'கழுத்துப்பட்டை' என்று பெயர் வைத்தார்கள். பரீட்சை வரை யாரையும் திரையைத் தொட விடவில்லை. அழுக்காகிவிடுமாம்.

எழுதப் படிக்கத் தெரியாத சித்திக்கு அடுப்படித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் திரையை வரைந்து கொடுத்தேன். சூட்டுக்குச் சிவப்புக் கட்டம், மருந்துக்கு நீலம், அலசலுக்கு வட்டம். பாத்திரம் துலக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க சித்தப்பாவ இப்படிப் படிச்சுப் பாத்திருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்" என்று சிரித்தாள். அவர் ஓடிப்போன பிறகு அந்தப் பேச்சில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பரீட்சையன்று முதல் ஆளாகப் போனாள். வாயால் முறையைப் பிசகாமல் சொன்னாள். சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தாள். திரை அசையவில்லை. அழுத்தினாள். நகம் வெளுக்கும் வரை அழுத்தினாள். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையவா போகுது" என்றார் முதலாளி. "நாளைலருந்து வராத."

அடுத்து என்னைக் கூப்பிட்டார். என் விரல் பட்டதும் திரை ஒளிர்ந்து இயந்திரம் உறுமியது. என் விரல்நுனியைப் பார்த்தேன். சித்தியின் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் விரலில் ரேகையே இல்லை. தோல் வற்றி, காய்த்து, செத்த பட்டைபோல் இருந்தது. வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். அந்த விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். அசையவில்லை. என் விரலை வைத்தேன். ஒளிர்ந்தது.

நெட்டை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தானும் வந்து வைத்துப் பார்த்தாள். பிறகு தொட்டிக்காரிகள் எல்லாரும் வரிசையாக வந்து வைத்தார்கள். ஒருத்தியின் விரலும் அதற்குத் தெரியவில்லை.

"பட்டன் வச்ச மெஷினும் இருக்கு. விலை கொஞ்சம் கூட" என்றார் கழுத்துப்பட்டை, தரையைப் பார்த்தபடி.

"எங்க தோலை உரிச்சதும் நீங்க, தோலு இல்லன்னு வெரட்டுறதும் நீங்களா?" என்றாள் நெட்டை அக்கா.

"பழுதான கைக்கு நான் என்னம்மா பண்றது? இவ விரல் ஒண்ணு போதும் எனக்கு." முதலாளி என் பக்கம் திரும்பினார். "லோடு போடு. ஆஸ்பத்திரி வண்டி நிக்குது."

சித்தி என் காதருகே குனிந்தாள். "அமுத்துடி. ஒரு சம்பளமாச்சும் வரட்டும்."

கையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மடிப்பு மேசையில் இருந்த மற்றவர்களும் எழுந்து வந்து தொட்டிக்காரிகளோடு நின்றார்கள். பட்டன் வைத்த இயந்திரம் வரும் வரை, கையுறை வரும் வரை, யாரும் திரையைத் தொடுவதில்லை என்றாள் நெட்டை அக்கா. வேண்டாமென்று சித்தி முனகினாள், ஆனால் நகரவில்லை.

முதலாளி சிரித்தார். வேலை கேட்டு வாசலில் தினமும் ஆள் நிற்கும். போய் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். என் வயதுதான் இருக்கும். சாப்பாட்டுத் தூக்கை மார்போடு அணைத்திருந்தாள்.

"கையில புண்ணு ஏதாவது இருக்கா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

முதலில் கையை நீட்டியது சித்திதான். உள்ளங்கை மேலாக, எதையோ வாங்கப்போவதுபோல் நீட்டினாள். பிறகு நெட்டை அக்கா. பிறகு எல்லாரும். வெந்து வெளுத்த கைகள் வரிசையாக நீண்டன.

அந்தப் பெண் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். கடைசியில் தன் கையைப் பார்த்தாள். தூக்கை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.