எந்த முன்னாடி?

கணக்குப் புத்தகத்தில் வரும் ஆட்களைப் பற்றி எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஒருவர் தொட்டியின் அடியில் ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே குழாயைத் திறந்துவிடுகிறார். இன்னொருவர் மணிக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, காலையில் அதைச் சரியாக வைத்துவிட்டு, இரவுவரைக்கும் வேடிக்கை பார்க்கிறார். பிறகு நம்மிடம் வந்து உண்மையான மணி என்ன என்று கேட்கிறார்.

"ஏங்க, இவருக்குப் பக்கத்து வீடே கிடையாதா? எட்டிப் பார்த்து மணி கேட்டா சொல்ல மாட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கணக்குல பக்கத்து வீடெல்லாம் வராது. நீ போடு," என்றார் அவர்.

நாங்கள் இருவருமே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறோம். அவர் லிப்ட் இயக்குபவர். காலையிலிருந்து மாலைவரை ஸ்டூலில் உட்கார்ந்தபடி மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார். நான் சலவைப் பிரிவு. காலையிலிருந்து மாலைவரை நின்றபடி, போர்வையும் விரிப்புமாக வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்துக்கொண்டிருப்பேன். அங்கே எந்நேரமும் ஆவி பறக்கும். அதனாலும் என் வாயினாலும் ஆஸ்பத்திரியில் எனக்கு நீராவி என்று பெயர்.

மூன்றாவது மாடியில் ஸ்டோர் கீப்பர் வேலை காலியாக இருந்தது. அந்த அறையில் ஒரு நாற்காலி உண்டு. கை வைத்த நாற்காலி. முதுகை முழுக்கச் சாய்க்கலாம். எட்டு வருடமாக நின்றே வேலை பார்த்து என் காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பரீட்சை. மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். முதல் தடவை நாலு மார்க்கில் போனது. இரண்டாம் தடவை ஒரே ஒரு மார்க்கில் போனது, அதுவும் கடிகாரக் கணக்கில். இது மூன்றாவது, கடைசி.

என் வீட்டுக்காரர் இந்த முறை எனக்குத் துணையாகத் தானும் எழுதுவதாகச் சொல்லி விண்ணப்பம் போட்டார். கூடவே வாத்தியாராகவும் ஆகிவிட்டார். தினமும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிய கையோடு பாடம் தொடங்கிவிடும்.

"ஒரே விதி. முன்னாடின்னு வந்தா கழி. பின்னாடின்னு வந்தா கூட்டு. வேற யோசிக்கவே யோசிக்காத."

"நேத்து வேலைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போயிட்டேன்னு சொன்னீங்களே, அது கூட்டலா கழித்தலா?"

"அது நான் போனது. இது கடிகாரம்."

"நம்ம வீட்டுக்கு முன்னாடி நிக்கற மரம்?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் இருந்தன. இவர் போடும் கணக்குக்கும் அந்த விடைக்கும் சேரவே சேராது. ஐந்து பத்து நிமிடம் இடிக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'அச்சுப்பிழை' என்று எழுதி வைப்பார். கடிகாரக் கணக்கு அதிகாரம் முழுக்க அச்சுப்பிழைதான்.

பரீட்சை ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளைத் துடைத்து எண் ஒட்டியிருந்தார்கள். சேர்ந்து விண்ணப்பம் போட்டதால் எங்களுக்கு அடுத்தடுத்த எண். அவர் முன் மேஜை, நான் பின் மேஜை. செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே ஒரு தட்டில் வாங்கிக்கொண்டார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் எங்கள் பல் டாக்டர். எல்லோருக்கும் முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று அவரும் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டார்.

கேள்வித்தாளைக் கொண்டுவந்த அலுவலக உதவியாளர், "பத்து மணி ஆச்சு, ஆரம்பிக்கலாம். பன்னெண்டுக்கு முடியும். சுவர்க் கடிகாரத்துல பத்து நிமிஷம் முன்னாடி. மனசுல வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரம் கடிகாரம் என்ன காட்டியது என்று யாராவது பார்த்தோமா? இல்லை. எல்லோரும் கேள்வித்தாளைத்தான் பார்த்தோம்.

ஐம்பது கேள்விகள். நான் நாற்பது கேள்விவரை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினேன். சாப்பாடு கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. முன்னாடி என்றால் கழி. அப்படியானால் உண்மையில் பதினொன்று இருபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பாதி மூச்சில் அந்த மரம் ஞாபகம் வந்து தொலைத்தது. கடிகாரம் நேரத்தைத் தாண்டி முன்னாடி ஓடுகிறதா? அல்லது பத்து நிமிடத்துக்கு முன்னாடி என்ன மணியோ அதை இப்போது காட்டுகிறதா? இரண்டுக்கும் இதே சொல்தான். ஒன்றில் எனக்கு முப்பத்தைந்து நிமிடம். இன்னொன்றில் பதினைந்து.

எழுந்து நின்றேன்.

பல் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க ஆஸ்பத்திரியில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நான் திறந்தேன்.

"டாக்டர், கடிகாரம் பத்து நிமிஷம் முன்னாடின்னா, எந்த முன்னாடி?"

"முன்னாடின்னா முன்னாடிதாம்மா. உட்காருங்க."

"அதிகமா காட்டுதா, கம்மியா காட்டுதா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரின் முதுகு, இந்த அம்மாள் யார் என்றே தெரியாதது போல விறைத்துக்கொண்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார். மறுபடி நீட்டினார். "அதிகமாத்தான் இருக்கணும்," என்று இழுத்தார். எக்ஸ்ரே பிரிவு ஆள் ஒருவர், "கம்மிங்க டாக்டர்," என்றார். மூன்று நர்சுகள் "அதிகம்" என்றார்கள். அமைதி, அமைதி என்று மேஜையைத் தட்டிய டாக்டர், கடைசியில் ஜன்னலருகே போய் உள்ளே தலையை நீட்டி, சமையல்காரரிடமே கேட்டுவிட்டார்.

"அத நம்பி அடுப்பு பத்த வச்சா சாப்பாடு லேட்டாத்தான் போகும் டாக்டர்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பத்து நிமிஷம் ஸ்லோ."

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "இது பதினொன்னு முப்பத்தெட்டு காட்டுது. அப்படின்னா இப்போ மணி பதினொன்னு நாப்பத்தெட்டு. நல்லவேளை கேட்டீங்கம்மா. நான் இது பன்னெண்டு பத்து காட்டும்போதுதான் பேப்பரை வாங்கறதா இருந்தேன்."

அதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லோருக்கும் இருபது நிமிடம் சும்மா கிடைத்திருக்கும். ஒரு கூடத்தின் மொத்த வயிற்றெரிச்சலையும் ஒரே நேரத்தில் கொட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீராவி?" என்று பின்னாலிருந்து ஒருத்தி பல்லைக் கடித்தாள். என் வீட்டுக்காரர் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒன்பது கேள்விகளை எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஐம்பதாவதில் வந்து நின்றால், கடிகாரம். மணிக்குப் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறதாம். காலை ஆறுக்குச் சரியாக வைத்தார்களாம். அது பதினொன்று காட்டும்போது உண்மை நேரம் என்னவாம்.

இவர் விதிப்படி ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பது நிமிடம் கூட்டினால் பதினொன்று ஐம்பது. கேள்விக்குக் கீழே கொடுத்திருந்த நாலு விடைகளில் அதுவும் இருந்தது. குறிக்கப் போனேன். ஆனால் சோம்பேறிக் கடிகாரம் என்றதும் எங்கள் பிரிவில் இருக்கும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். மணிக்கு நாங்கள் அறுபது விரிப்பு மடித்தால் அவள் ஐம்பதுதான் மடிப்பாள். அவள் முந்நூறு மடித்து முடித்திருந்தால் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும் என்று நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆறிலிருந்து பதினொன்றுவரை இந்தக் கடிகாரமும் முந்நூறு நிமிடம்தான் மடித்திருக்கிறது. அப்படியானால் ஓடியது ஆறு மணி நேரம். பன்னிரண்டு!

குறித்த அடுத்த நொடி டாக்டர் வந்து என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். பிடுங்குவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "கடைசிக்கு என்ன போட்ட?" என்றார்.

"பன்னெண்டு."

"ஐயோ, பதினொன்னு அம்பது! அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எல்லோரும் இருபது நிமிடத்தைப் பறிகொடுத்தவர்கள். அவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாத. தப்பு என் மேலதான். நான் இன்னும் அழுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கணும்," என்றார். எனக்கு அழுகையிலும் ஆத்திரம் வந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவை ஒட்டினார்கள். ஒரு மார்க் குறைந்திருந்தால் நான் இல்லை. என் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இவர் தன் பெயரைத் தேடிவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருந்த சரியான விடைகளுக்குப் போனார். ஐம்பதாவது கேள்வி, பன்னிரண்டு மணி.

"இது அச்சு..." என்று தொடங்கினார். தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். மீதியை விழுங்கினார். அன்றைக்கு முழுவதும் அவருக்குத் தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்டே இருந்தது.

புது வேலைக்குப் போகும் காலையில் லிப்டில் நல்ல கூட்டம். நான் ஒரு மருந்து வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றதால் இவர் என்னைக் கவனிக்கவில்லை. காலில் கட்டுப்போட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்டோருக்குப் புதுசா வர்றது எங்க வீட்டுல. கணக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அப்ப நீங்களும் எழுதினீங்களா?"

"நான் சும்மா துணைக்குத்தான் போனேன்."

அந்த 'அச்சுப்பிழை'ச் சிவப்பு மை முழுவதும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் என் கண்ணுக்கு நேரே அவர் பிடரி. முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். வருடம் முழுக்கச் சொன்னாலும் வெட்டாத மனுஷன், நேற்று நான் சொல்லாமலே போய் வெட்டியிருக்கிறார். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

"ஆமாங்க," என்றேன் வண்டிக்குப் பின்னாலிருந்து. "அவர் மட்டும் இல்லைன்னா நான் கடிகாரக் கணக்குப் பக்கத்தையே திறந்திருக்க மாட்டேன்."

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். காதுமடல் சிவந்துவிட்டது. மூன்றை அழுத்த வேண்டியவர் தடுமாறி ஏழாம் எண்ணை அழுத்தினார். லிப்ட் எல்லோருடைய மாடியையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கட்டுப்போட்டவர் கத்தினார், மருந்து வண்டிக்காரர் கத்தினார். இவர் ஒன்றும் காதில் விழாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.