பொழைக்குமா

சுந்தர்சிங்கின் கோட்டுப் பையில் வெள்ளைக் கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து அந்த வார்த்தை ஜெயகுமாரியின் காதில் விழுந்தது.

“பொழைச்சிருச்சுப்பா!”

“நெஜமாவா?”

“இப்பதான் நியூஸ் வந்துச்சு.”

அவள் கை அப்படியே நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெட்டிக்குள் கிடந்த கணவனின் மூக்கைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். பவுடர் பூசிய முகம் பவுடர் பூசிய முகமாகவே இருந்தது.

பிழைத்தது ஹாலிடன் மோட்டார்ஸ். சுந்தர்சிங் ஒன்பது வருடம் பேட்டரி லைனில் மேனேஜராக இருந்த மின்சாரக் கார் கம்பெனி. மூன்று வருடமாகவே அது இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. கையிருப்பு இன்னும் ஆறு மாதத்துக்குத்தான் வரும் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தி வரும். மூன்று தடவை லேஆஃப் என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுஷன் அசரவில்லை. “அடுத்த மாடல் வெளிய வரட்டும், நிமிந்துரும் பாரு” என்பார். அவர் வாயைப் பார்த்தே கலிபோர்னியாவின் பிளசன்டனிலும் சன்னிவேலிலும் ஏகப்பட்ட தமிழர்கள் ஷேர் வாங்கியிருந்தார்கள். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். சர்ச் ஆட்கள், கோயில் ஆட்கள் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மத நல்லிணக்கம் பிரமாதமாக இருந்தது.

இன்றைக்குப் பார்த்து எவனோ ஒரு பெரிய முதலீட்டாளன் வந்து கை கொடுத்துவிட்டான். காலையிலேயே ஷேர் இரண்டு மடங்கு ஏறிவிட்டது. சபை முழுக்கத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. ஜெபிக்கிறார்கள் என்று பாஸ்டர் நினைத்திருப்பார், பாவம். எல்லார் மடியிலும் போன் இருந்தது.

ஆனால் ஒரு முகத்திலாவது சந்தோஷம் வேண்டுமே! “அவசரப்பட்டுட்டோம்டா” என்றது ஒரு குரல். “இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கணும்.”

அவர்கள் பேசுவது ஷேரைப் பற்றி என்று ஜெயகுமாரிக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நாலு நாளாக அவளுடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் இதே வார்த்தைதான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. வியாழக்கிழமை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இனி மெஷின்தான் மூச்சு விடுகிறது, அவர் விடவில்லை என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை மெஷினை எடுத்தார்கள். நாகர்கோவிலிலிருந்து கொழுந்தன் போனில், “இன்னும் கொஞ்ச நாள் பாத்திருக்கலாமே மைனி” என்றான். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்வது சுலபம். பொறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். பாஸ்டரிடம் கேட்டாள், கர்த்தருடைய சித்தம் என்றார். மகள் ஆன்லினிடம் கேட்டாள்.

“அம்மா, ப்ளீஸ் ஸ்டாப். வீ டிட் தி ரைட் திங்” என்றாள் ஆன்லின். கல்லூரியில் படிக்கிற பெண், அவளும் எத்தனை தடவைதான் சொல்லுவாள்? யார் சொன்னதும் உள்ளே இறங்கவில்லை. நான்தானே கொன்றேன் என்ற எண்ணம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலுக்கு வந்தார்கள். காபியும் சாண்ட்விச்சும் வைத்திருந்தார்கள். திருமூர்த்தி அவளைத் தேடிக்கொண்டு வந்தார். சுந்தர்சிங்கோடு ஹாலிடனில் ஆறு வருடம் வேலை பார்த்தவர், இப்போது டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறார். காலை விமானத்தில் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எதற்காகச் சிவந்தது என்று சொல்ல முடியவில்லை.

“ஜெயா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்” என்று ஆரம்பித்தார். கேட்கக் கூடாதென்று சொல்கிறவர்கள் கேட்காமல் விடுவதில்லை. “அன்னிக்கு போன்ல ஏம்மா அப்படிச் சொன்ன?”

“எப்படிண்ணா?”

“வியாழக்கிழம. சுந்தர் நம்பருக்குத்தான் அடிச்சேன், நீ எடுத்த. அவரால பேச முடியாதுண்ணான்னு சொன்ன. கம்பெனி ரகசியம், வெளிய பேசக் கூடாதுபோலன்னு நெனச்சேன். சரி, பொழைக்குமான்னு மட்டும் சொல்லும்மான்னு கேட்டேன்.”

ஐ.சி.யூ. வராந்தா, கையில் பேனா, காதில் அவருடைய போன். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பொழைப்பாரா என்று கேட்காமல் பொழைக்குமா என்று கேட்கிறாரே என்று அப்போதே தோன்றியது. உயிரைக் கேட்கிறார், உயிர் பொழைக்குமா என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

“நீ என்ன சொன்ன? இல்லண்ணா, காலையில மெஷின் எல்லாம் எடுத்துருவாங்க, கையெழுத்துப் போட்டாச்சுன்ன. பிளான்ட்ட மூடுறாங்கன்னு நெனச்சேன். குரூப்ல போட்டேன், சுந்தர் வீட்லேர்ந்தே கன்ஃபர்ம் பண்ணிட்டாங்கன்னு. நாப்பது பேரும் வெள்ளிக்கிழம காலையில வித்துட்டாங்க. இன்னிக்கு...”

“அது அவரோட மெஷின்ணா” என்றாள் ஜெயகுமாரி. “வென்டிலேட்டர்.”

திருமூர்த்தி கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டார்.

“அடக் கடவுளே” என்றார். “எனக்கு அப்ப அவரு ஆஸ்பத்திரியில இருக்காருன்னே தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நீ அழுத மாதிரிகூட இருந்துச்சு. வேலை போனதுக்கு அழுவறன்னு நெனச்சேன்.”

அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உண்மையாகவே நொந்துபோயிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது அரை நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை.

“அப்ப கம்பெனியப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலயா?”

“நாலு நாளா நெனவே இல்லண்ணா அவருக்கு.”

“நாப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்” என்று முனகினார். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அங்கே யாரோ கண்டபடி திட்டியிருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் பெருமூச்சு விட்டார்.

“விடும்மா. யாரு மேலயும் தப்பில்ல. அன்னிக்கு என்ன தெரிஞ்சுதோ, அத வச்சு முடிவெடுத்தோம். இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா பொழைச்சிருக்குமேன்னு இப்ப ஒக்காந்து யோசிச்சா பைத்தியந்தான் பிடிக்கும்.”

ஜெயகுமாரி சட்டென்று அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் ஆன்லின் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா.”

“என்னம்மா?”

“இப்ப சொன்னீங்கள்ல. அத.”

திருமூர்த்திக்கு எதுவும் புரியவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டே, “யாரு மேலயும் தப்பில்லம்மா, அன்னிக்கு என்ன தெரிஞ்சுதோ” என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர் கையை விடாமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.