அத்தாயி கொடுத்த வெற்றிலை

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலத்தில், மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் யார் கரண்டைத் தொட்டாலும் அடி அத்தாயிக்குத்தான் விழுந்தது. தொட்டவன் வேட்டியை உதறிவிட்டு நடையைக் கட்டுவான். எங்கோ கேழ்வரகுக் காட்டில் களை பறித்துக்கொண்டிருக்கும் அத்தாயி "அய்யோ சாமி" என்று சுருண்டு விழுவாள். மிளகு விலை ஏறியதையும் இதையும் ஊரில் ஒரே மூச்சில் பேசினார்கள். எஸ்டேட்டுக்காரர்கள் ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றவைத்துக் கரண்டு எடுத்து, காபி மில்லுக்குக் கம்பி இழுத்தபோது தொடங்கியது எல்லாம். வழியில் நட்ட முதல் இரும்புக் கம்பத்துக்கு ஊரார் செருப்பைக் கழற்றி, மஞ்சள் பூசி, வெற்றிலை படைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முன்பின் தெரியாத சாமிக்கு வேறென்ன செய்வது? கம்பத்தில் கரண்டு கசிந்தது. ஈரக்கையோடு கட்டிக்கொண்ட பூசாரி துடித்தார். அத்தாயி படையல் வெற்றிலையை எடுத்து, "இந்தச் சனத்துக்கு வர்றது எனக்கே வரட்டும்" என்று மென்றாள். வெற்றிலை வாங்கி மென்றால் பொறுப்பேற்றுக்கொண்டதாக அர்த்தம், அந்த ஊரில். பூசாரி எழுந்து உட்கார்ந்தார், அவள் விழுந்தாள்.

லைன்மேன்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, எஸ்டேட்டில் மிஞ்சியது மேஸ்திரி ஷேக் பரீத் ஒருவர்தான். பேளுக்குறிச்சிக்காரர், கொஞ்சம் முன்கோபி. "மில்லுல நிக்கறதா, கம்பத்துல ஏறுறதா? எனக்கு என்ன நாலு கையாங்க?" என்று மேனேஜரிடம் போய்ச் சத்தம் போடுவார். மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர் கையை விரிப்பார். ஆள் கிடைக்கவில்லையே! தவிர, இதுவரை யாராவது செத்தார்களா? அதுதான் அத்தாயி இருக்கிறாளே! நாளடைவில் எர்த் கம்பியைச் சோதிப்பது நின்றது, பிறகு ஆள் தேடுவதும் நின்றது. தொய்ந்த கம்பியை மரத்தோடு இழுத்துச் சணல் கயிற்றால் கட்டினார்கள். குடித்துவிட்டுப் பந்தயத்துக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு, வெட்கங்கெட்டவர்கள். அத்தாயிக்கு வலது கை விரல்கள் மரத்துப்போயின. அவள் கிட்டே போனால் அணைந்திருந்த பல்பு எரிந்தது. அவள் புருஷன் சென்றாயன் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று ஒருமுறை சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கலியாணமாகி நெடுங்காலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. அது உதைக்கத் தொடங்கிய மாதத்தில் மில்லில் எவனோ கம்பிமேல் சாய்ந்தான். அடி விழுந்ததும் வயிறு கல்லாகிவிட்டது. பகல் முழுக்க அசைவில்லை. அத்தாயி அழவில்லை, பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை, வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போது பிள்ளை ஒரு உதை விட்டது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அப்படியொரு கோபத்தைச் சென்றாயன் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் புருஷனையும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனாள்.

"ஏனுங்க, இந்த மலையில ஆளா இல்ல? ஒத்த மூங்கில்ல ஏறி மிளகு பறிக்கிற சனமுங்க நாங்க. மேஸ்திரி சொல்லிக் குடுக்கட்டும்."

"மலைக்காரனுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்?"

"தெரியாதுங்க. அதனாலதான் சொல்லிக் குடுங்கங்கறேன்."

மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தாயி மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இத வாங்கிக்கங்க. மென்னுட்டீங்கன்னா இனி அடி உங்களுதுங்க. ஒளிக்காமச் சொல்லிப்புட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி அத்தாயிக்குப் போகிறது என்பதை நம்பி ஆளே வைக்காதவருக்கு, தனக்கு வரும் என்பது மட்டும் மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. வாங்கி மென்றார். சுண்ணாம்பு போதவில்லை என்று குறை வேறு சொன்னார்.

அடுத்த நாள் காலை இட்லியைப் பிட்ட கையோடு மேனேஜர் நாற்காலியிலிருந்து எழும்பிக் கதவருகே விழுந்தார். மில்லில் ஒருவன் சுவிட்சில் ஈரக்கை வைத்திருந்தான். மத்தியானம் மறுபடியும். அந்த வாரம் முடிவதற்குள் சேலத்திலிருந்து ரப்பர் கையுறை வந்தது, பூட்சு வந்தது, ஆள் எடுக்கிறார்கள் என்று மலையில் பைல் நாடு வரை தமுக்கடித்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றாரே, அதே மலையிலிருந்து வாசல் கொள்ளாமல் ஆள் வந்தது. பலாமரத்தடியில் ஷேக் பரீத் பாடம் நடத்தினார். பூட்சைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு ஏறப் போனவர்களை, "சாமிக்குக் கழட்டுங்க, கம்பத்துக்கு மாட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். முதலில் மெயினை அணை, பிறகு கம்பத்தைத் தொடு என்று தூக்கத்திலும் சொல்ல வைத்தார். பிள்ளை பிறந்து உடம்பு தேறியதும் அத்தாயியும் வந்து நின்றாள். "பொம்பளைக்கு எதுக்கு" என்று தொடங்கிய மேனேஜர், அந்த நொடியே துள்ளி விழுந்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவன் தப்பான கம்பியைப் பிடித்திருந்தான். "சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றார், எழுந்திருக்காமலேயே.

சண்டை முடிந்து மாற்றலாகிப் போகும்போது மேனேஜர் வெற்றிலை பாக்கோடு அத்தாயி வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் இடுப்பில் மகள். கை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க. உங்க நாற்காலியில வந்து உக்கார்றவருக்குக் குடுத்துட்டுப் போங்க."

அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். புது மேனேஜர் மென்றுகொண்டே முதல் வேலையாக, கம்பத்தில் ஏற ஆள் போதுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த எஸ்டேட்டில் பங்களாச் சாவியோடு வெற்றிலை பாக்கும் கைமாறியது. ஆள் கிடைக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.