ஐந்து கம்பியும் ஒரு தங்கூசியும்

நெடுந்தீவின் உப்புக் காற்று ஆண் பிடித்த இரும்பென்றும் பெண் பிடித்த இரும்பென்றும் பார்ப்பதில்லை. எதையும் ஒரே பசியோடுதான் தின்னும். வேற்றுமை பார்க்கும் வேலையை மனிதர்களே தலையிற் சுமந்துகொண்டிருந்தார்கள். கோயிற் பெருவிழாவின் கலைநிகழ்ச்சிக்குப் பொறுப்பான தயாபரன் அவர்களுள் முதல்வர். "கலியாணம் முடிச்ச பொம்பிளை பாடட்டும், கிற்றாரைப் பெடியள் பிடிக்கட்டும்" என்பது அவர் தீர்ப்பு. ஊரில் மின்கிற்றார் வாசிக்கத் தெரிந்தவள் ஜெனீற்றா ஒருத்திதான். வேறு வழியின்றி இவ்வருடம் மட்டும் மேடையை விட்டுக்கொடுத்திருந்தார். நிகழ்ச்சி பிசகினால் இனி அந்த மேடை இல்லை என்பது அவளுக்கு வடிவாகத் தெரியும்.

ஆகவே கம்பிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொன்றையும் மேலும் கீழும் துடைப்பாள். வியர்வையோடு உப்புச் சேர்ந்தால் துரு தவணை கேட்காது. மெல்லிய கம்பி விரலுக்கு இதமானது, ஆனால் இந்தக் காற்றில் சீக்கிரம் அறும். அதனால் ஒரு படி தடித்த, துருவைத் தடுக்கும் பூச்சுள்ள கம்பிக் கட்டொன்றை யாழ்ப்பாணத்தில் சொல்லி வைத்தாள். அது குறிகட்டுவான் இறங்குதுறைவரை வந்தது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாததால் அங்கேயே தங்கிவிட்டது.

விழாவன்று காலை, சுருதி கூட்டும்போது பழைய முதற்கம்பி அறுந்தது.

கணவன் யசிந்தன் கடற்றொழில் செய்பவன். "இஞ்சேரும், இதுக்கேன் முகத்தைத் தொங்கப்போடுறீர்?" என்று சொல்லி, மீன்பிடிக்கும் நைலோன் நரம்பான தங்கூசியில் ஒரு துண்டை வெட்டி, தூண்டில் முடிச்சுப் போட்டுப் பூட்டினான். முறுக்க முறுக்கச் சுருதி ஏறியது. "பாரை மீன் இழுத்தாலும் அறாது" என்றான். வீட்டில் அம்பிளிபயர் இல்லை. காதை வைத்துக் கேட்டபோது ஆறும் பேசின. அவள் நம்பினாள்.

மாலையில் மேடைக்குப் பின்னால் கிற்றாரை ஸ்பீக்கரோடு இணைத்தாள். ஐந்து கம்பிகள் முழங்கின. தங்கூசி வாய் திறக்கவில்லை. கிற்றாரிலிருக்கும் காந்தம் இரும்பின் அசைவை மட்டுமே அறியும். நைலோனை அது கண்டுகொள்ளாது. பாட்டின் மெட்டோ பெரும்பாலும் அந்த முதற்கம்பியில்தான் இருந்தது.

"உதுக்குத்தான் சொன்னனான், பிள்ளை" என்றார் தயாபரன். "கிற்றாரை வைச்சிட்டு மைக்கைப் பிடியும்."

"கம்பிதானே அண்ணை ஊமை, நானில்லையே. கொஞ்சம் பொறுங்கோ."

இரண்டாம் கம்பியைக் கிற்றார்க் கழுத்தின் ஐந்தாம் கட்டையில் அழுத்தினால் முதற்கம்பியின் சுரம் கிடைக்கும். சுவரோரம் நின்று மெட்டு முழுவதையும் அந்தக் கம்பிக்கு மாற்றிப் பார்த்தாள். கை நெடுகத் தாவவேண்டியிருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் ஏறினாள்.

இரண்டாம் அடியில் ஒரு சுரம் வழுக்கியது. மற்றதெல்லாம் கடற்கரைவரை கேட்டது.

இறங்கி வந்தவளைத் தயாபரன் மறித்தார். "ஓரிடத்தில வழுக்கினீர்."

"ஓம் அண்ணை."

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "வாற வருசம் ஆறு கம்பியோட வாரும்."

வீட்டில் அவள் கம்பிகளைத் துடைத்தாள். யசிந்தன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"என்ர தங்கூசியையும் துடையுமன்."

"உது துருப்பிடிக்காது. நாளைக்குப் படகு ஓடினால் அந்தப் புதுக் கம்பிக் கட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ; இதைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பாரை பிடியுங்கோ."