தடுக்கும்

"இன்னொரு மரவுரி குடு," என்றான் அண்ணன் முபிரு.

நஸ்ஸுனா எடுத்து நீட்டினாள். இறந்து கிடந்த அப்பாவின் கால்கள் மறைந்தன. அத்திப் பட்டையை உரித்து அவரே அடித்துச் செய்த மரவுரி.

வாசலில் பெண்கள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் குரல் கேட்டது.

"இவ சொன்ன பட்டையைத்தான் எங்கண்ணன் ரெண்டு வருஷமா காய்ச்சிக் குடிச்சாரு."

நஸ்ஸுனா வெளியே வந்தாள். "எந்தப் பட்டை, அத்தை?"

"என்னடி, ந்தசேசா மரத்துப் பட்டை. அதுல இருக்கிற சத்து புற்றைத் தடுக்கும்னு ரேடியோவுல நீதானே சொன்ன? ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, 'என் பொண்ணைவிடப் பெரிய டாக்டரா'ன்னு சிரிப்பாரு."

"அப்பவே அப்பாவுக்குப் புற்று இருந்துச்சா?"

"மூத்திரத்துல ரத்தம். இதையெல்லாம் மகள்கிட்டயா சொல்வாங்க?"

ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தப் பட்டையை அவள் சோதித்தது எலிகளில். எலி என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், விட்டுவிடலாம் என்றார் வானொலிக்காரர். அவளும் சரி என்றிருந்தாள்.

பக்கத்து வீட்டு நாலோங்கோ, இரட்டையரைப் பெற்றவள், கத்தியோடு எழுந்தாள்.

"எனக்கும் மார்ல ஒரு கட்டி, மகளே. அந்த மரம் வீட்டுக்குப் பின்னாடிதானே?"

நஸ்ஸுனா பின்னாலேயே ஓடினாள்.

"குடிக்காதீங்க. தடுக்கும்னா, வராம தடுக்கும். வந்ததை நிறுத்தாது. வராம தடுக்குமான்னுகூட எலியிலதான் பாத்தோம்."

"எலியா?" நாலோங்கோ நின்றாள். "அதை ரேடியோவுல சொல்லலியே."

நாலோங்கோ கத்தியோடு மரத்தடிக்கு நடந்தாள்.

ந்தசேசா மரத்தின் அடியைச் சுற்றி வாழை இலை வைத்து நாரால் கட்டியிருந்தது. மரவுரிக்கு அத்திமரத்தை உரித்த பிறகு அப்பா அப்படித்தான் கட்டுவார். அத்தியில் புதுப் பட்டை வளர்ந்துவிடும்.

நாலோங்கோ நாரை அறுத்தாள். இலைகள் சரிந்தன. உள்ளே மரம் சாம்பல் நிறத்தில் வெடித்திருந்தது. ஒரு விரல் அகலம்கூடப் புதுப் பட்டை இல்லை.

நாலோங்கோ அண்ணாந்து பார்த்தாள்.

"மேல கொஞ்சம் இருக்கு," என்றாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனியா?"

நஸ்ஸுனா கத்திக்காகக் கை நீட்டினாள். நாலோங்கோ இன்னொரு முறை மேலே பார்த்துவிட்டுக் கத்தியைக் கொடுத்தாள்.

உள்ளிருந்து முபிரு மரவுரி கேட்டான். நஸ்ஸுனா குனிந்து இலைகளை எடுத்து மரத்தைச் சுற்றி மூடினாள். அறுத்த நாரை இழுத்துப் பார்த்தாள். முடிச்சுப் போட எட்டவில்லை.