கேட்டு வாங்குவதும் வந்தால் பார்த்துக்கொள்வதும்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கணினித் துறை ஆட்களுக்காகச் சின்ன இதழ் ஒன்று நடத்தும் நண்பர், "ஸ்டைல்ஷீட் எழுதறதுல எந்த நடை நல்லதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே கொட்டாவி வந்தது. எழுதுகிறவளுக்கே இந்தக் கதி என்றால் படிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையைப் பார்க்கும் என் அண்ணிக்குப் போன் போட்டு விவரம் கேட்டேன். விவரம் சொல்ல ஆரம்பித்தவள், நடுவில் வேறு எதற்கோ போய் அழுதுவிட்டாள். கட்டுரை அங்கேயே செத்தது.

"இதைக் கதையா எழுதட்டுமா அண்ணி?"

"எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக் காட்டாத. படிக்கவே எரிச்சலா இருக்கும்."

(மரியாதைக்கு 'சொன்னார்', 'வந்தார்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். 'ர்' போட்டதும் அண்ணி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஆகவே கதை முழுக்க 'ள்'.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணி ஜன்னலோரம்..." இல்லை. அன்று மழையும் இல்லை, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னலும் இல்லை. பிரிண்டர்தான் இருக்கிறது, அதுவும் உஷ்ணமாக.

இரண்டாவது: "தரவு என்பது ஓர் ஆறு..." வேண்டாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே மடித்து மடித்து ஒரு தாள் இருக்குமே, நாம் பிரிக்காமலே தூக்கிப் போடுவோமே, அந்தத் தாளை உருவாக்கும் அலுவலகத்தில் அண்ணி வேலை பார்க்கிறாள். மருந்து கம்பெனி ஒரு கோப்பு அனுப்பும். அதில் ஒவ்வொரு பத்தியும் ஒரு பெயரைச் சுமந்துகொண்டு வரும்: அளவு, பக்கவிளைவு, எச்சரிக்கை. அதை அச்சுத்தாளாக மாற்றும் நிரல்தான் ஸ்டைல்ஷீட். இவ்வளவுதான் விஞ்ஞானம்.

3

அதை எழுத இரண்டு நடை உண்டு. ஒன்றுக்கு அந்த அலுவலகத்தில் 'கேட்டு வாங்குறது' என்று பெயர். ஸ்டைல்ஷீட் கோப்பிடம் போய், முதலில் மருந்தின் பெயரைக் கொடு, அடுத்து அளவைக் கொடு என்று வரிசையாகக் கேட்டு வாங்கும். கேட்காதது வராது. இன்னொன்று 'வந்தா பாத்துக்கறது'. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் போதும். கோப்பிலிருந்து பத்திகள் தம் இஷ்டப்படி வரும், வந்தது தன் விதியைத் தேடிக்கொள்ளும். விதி இல்லாதது அப்படியே தாளில் இறங்கிவிடும்.

முதல் நடைக்குக் கட்சி கட்டுபவர் சித்தப்பா. அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பழைய ஸ்டைல்ஷீட் எல்லாமே அவர் கைவேலை. இரண்டாவது நடைக்கு வால். புதிதாகச் சேர்ந்த பெண். பெயருக்கான காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டு காலம் ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு கம்பெனியின் டாக்டர், வண்டி ஓட்டுபவர்களுக்கு என்று புதிதாக ஒரு பெயர் வைத்து ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார்: இந்த மாத்திரை போட்டால் தலை சுற்றும், வண்டி எடுக்காதீர்கள். சித்தப்பாவின் ஸ்டைல்ஷீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. அது கேட்கவில்லை. பத்தி வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை; தாள் பளிச்சென்று வந்தது. கடைசி மெய்ப்பில் அது விடுபட்டது திருத்துபவர் கண்ணில் பட்டதால் அச்சு நின்றது.

இருவர் வேலைக்கும் பொறுப்பு அண்ணி என்பதால் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "இனிமே ஒரே நடை. எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி என் டேபிளுக்கு வரணும்."

4

அண்ணி முடிவு பண்ணவில்லை. தள்ளிப்போட்டாள். காலையில் கோப்பைத் திறப்பாள், தலைப்பு எழுதுவாள், அழிப்பாள். பின்னால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"கேட்டு வாங்கினாத்தாம்மா வரிசை நம்ம கையில இருக்கும். வந்ததையெல்லாம் உள்ள விட்டா வீடு சந்தையாயிரும்."

"சந்தையானா ஆகட்டும் சித்தப்பா. என்ன வந்திருக்குன்னாவது கண்ணுக்குத் தெரியும்ல?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா தாள்ல பாதி இருக்காது."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது அவளுக்கு. அதுதான் அசதி. ஒருவர் தப்பு என்றால் எவ்வளவு சுலபம்.

5

இனி வீடு. என் அண்ணன் பஸ் டிரைவர். தினமும் வேலை முடிந்து வந்ததும் அண்ணி கேட்பாள்: சாப்டீங்களா, நாளைக்கு எந்த டியூட்டி, போன்ல சார்ஜ் இருக்கா. அவனும் சொல்வான். குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம், சாப்பிடும்போது அண்ணன் தண்ணீர் ஊற்றினான். டம்ளருக்குள் அல்ல, டம்ளருக்கு இடது பக்கம். மேஜை முழுக்கத் தண்ணீர். அவனே துடைத்தான். துடைத்த விதத்தில் அது முதல் தடவை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"கண்ணு தெரியலையா?"

"இடது பக்கம் கொஞ்சம் மங்கல்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா. போன மாசம் டிப்போ கேட்ல பஸ்ஸோட கண்ணாடிய உரசிட்டேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"தினம் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றேன்ல. கண்ணப் பத்தி நீ கேக்கலையே."

[இங்கே நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள், வசதியாக முடிச்சுப் போடுகிறாள் என்று. எனக்கும் சந்தேகம். அண்ணன் அப்படியேதான் சொன்னானா என்று திரும்பவும் கேட்டேன். "உங்கண்ணன் வேற எப்படிச் சொல்வாரு?" என்றாள். முந்தைய படியில், விடுபட்ட பத்திக்குரிய மாத்திரையையே அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தேன். உலகம் அவ்வளவு சின்னதில்லை. அடித்துவிட்டேன்.]

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் உறைத்தது. அவன் பின்னால் தினமும் ஒரு பஸ் நிறைய ஜனம்.

மறுநாள் லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். பஸ் இனி வேண்டாம் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அண்ணியின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். நானும் விட்டுவிடுகிறேன்.

6

வெள்ளிக்கிழமை அண்ணி எழுதிக்கொடுத்தாள்: இனி எல்லாமே 'வந்தா பாத்துக்கறது'. காரணங்களும் எழுதினாள், எல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள். அவை உண்மையா, இல்லை மேஜையில் கொட்டிய தண்ணீர்தான் எழுத வைத்ததா என்று அவளுக்கே தெரியாது.

சித்தப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னோடதையெல்லாம் தூக்கிப் போடப்போற. போடு. ஆனா நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதலம்மா."

அந்த வார்த்தைக்கு அவள் முகம் ஏன் சுருங்கியது என்று அவருக்குத் தெரியாது.

புது நடையில் வந்த முதல் தாளிலேயே, டாக்டர் தன் உதவியாளருக்காகக் கோப்புக்குள் எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கவிளைவுகளுக்கு நடுவே, கொட்டை எழுத்தில்: "இந்த வரியை எழுதின புண்ணியவான் யார்?" வால் தலையில் கை வைத்துக்கொண்டாள். சித்தப்பாதான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பேர் தெரியாம எது வந்தாலும் உள்ள விடாத, முழுங்கவும் செய்யாத. நிறுத்தி ஆளைக் கூப்பிடு. அந்த விதிய நான் எழுதறேன்" என்றார். எழுதினார். நன்றாகவே வேலை செய்கிறது.

வீட்டிலும் அண்ணி கேள்விகளை நிறுத்திவிட்டாள். வந்ததைக் கேட்டுக்கொள்வது என்று முடிவு. சில நாள் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தான். டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் இப்போது அவனுக்கு நாற்காலி. அங்கே யாருக்குப் பல் பிடுங்கினார்கள், எந்த பஸ்ஸுக்கு ஹாரன் போய்விட்டது, எல்லாம் வருகிறது.

"நிறுத்தறதே இல்ல. தலை வலிக்குது. போதும்னும் சொல்ல முடியல" என்கிறாள்.

7

முடிவு. அவர்கள் சமாதானமானார்கள் என்று ஒன்று எழுதினேன், அண்ணி படித்துவிட்டு "யாரு?" என்றாள். இன்னொன்றில் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். அதற்குப் பெட்டி கட்டத் தெம்பு வேண்டும், அவளுக்கு இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு இருவரும் பஸ்ஸில் போனார்கள். அண்ணன் பயணியாக. முன்னால் ஏறியவன் கடைசி நீள இருக்கையின் நடுவில் போய் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும் அவன் வலது கால், பிரேக் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் தரையை அழுத்தியது. அண்ணி அதைப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரியாத பக்கத்துக்கு அவள் துணை. வலது பக்கம் என்றால், லேசாகத் திரும்பினாலே அவள் முகம் அவனுக்குத் தெரியும்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "அது உனக்கெதுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன். பஸ் வேகம் எடுத்துவிட்டது, அண்ணி இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் வலிக்கும். நீங்களாவது ஓர் இடம் பார்த்து அவளை உட்கார வையுங்கள்.